கிணற்று மோட்டாருக்குக் கயிறு போட்ட பகல்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, மோட்டார் எத்தனை குதிரைத் திறன் என்று கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஜெனரேட்டர் எடுக்கச் சொல்லும் கணக்கு உங்களுக்கு அத்துப்படி. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தக் கணக்கு கைவிட்ட ஒரு பகலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. திருப்பூரைச் சுற்றிலும் வீட்டு முன்கூடத்திலேயே பனியன் துணி பின்னும் மிஷினை வைத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மிஷின், நடுவில் பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு படிக்கும். கரண்ட் போனால் பெரிய மில்லுக்கு நஷ்டம் என்று பேப்பரில் வரும். இவர்கள் வீட்டில் உலை வைப்பதே சந்தேகம் என்பது எந்தப் பேப்பரிலும் வராது. அப்போதுதான் சின்ன டீசல் எஞ்சினோடு ஜெனரேட்டரைப் பூட்டி வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். விற்பதும் நான், மாட்டுவதும் நான், கெட்டுப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். ஒரு மிஷின், ரெண்டு பல்பு, அவ்வளவுதான் என்பார்கள். வேண்டுமென்றே சொல்கிற பொய் இல்லை. அன்றைக்கு அவர்கள் மனதில் இருப்பது அவ்வளவுதான். ஜெனரேட்டர் வந்த பிறகு, தெருவே இருட்டிக் கிடக்க ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி ஒரே ஒரு பல்பு கேட்பார். எங்கள் ஊரில் பல்பு கேட்டவரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் அவர் முகத்தில் விழிக்க முடியுமா? ஒரு வயர் மதிலைத் தாண்டும். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் கேட்பார். அந்த வயர்களை எதிர்த்து நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் போடுவேன்.

வீரபாண்டியில் பீவியம்மா என்று ஒருவர் இருந்தார். அவர் கணவர் ராவுத்தர், பனியன் சரக்கை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீடும் மிஷினும் பீவியம்மாவின் பொறுப்பு. அவரும் அதே பொய்யைத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் வேறு யாரும் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் இது எதையெல்லாம் ஓட்டும் என்பார்கள். பீவியம்மா, “இது எதையெல்லாம் ஓட்டாதுங்க?” என்றார்.

 நான் பின்கட்டில் இருந்த கிணற்றைக் காட்டினேன். அந்தக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஜெனரேட்டர் கஷ்டப்பட்டுத் தாங்கிவிடும், ஆனால் நின்ற இடத்திலிருந்து அதைக் கிளப்ப இதற்குத் தெம்பு போதாது, கிளம்பும் நேரத்தில் எந்த மோட்டாரும் ஓடும்போது கேட்பதைப் போலப் பல மடங்கு கேட்கும் என்று விளக்கினேன். லைன் கரண்ட் வருகிறபோது தண்ணீர் இறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சின்னதையே எடுத்தார்.

ஜெனரேட்டரைக் கூடத்துக்குள் வைக்கச் சொன்னார், திருட்டு பயம். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் புகையில் கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கும் எட்டாத நஞ்சு ஒன்று உண்டு. அடைத்த அறையில் ஆளைத் தூங்கவைத்து அப்படியே முடித்துவிடும். ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வரும், மார்கழியில் கிழக்கிலிருந்து வரும். ரெண்டு காற்றுக்கும் புகை வீட்டுக்குள் போகாத இடமாகப் பார்த்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போடவைத்தேன். லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராதபடி மாற்றும் ஸ்விட்சும் வைத்தேன். அது இல்லாவிட்டால் நம் கரண்ட் வெளியே போய், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆளைக் கொன்றுவிடும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்கும் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நாள் கழித்துப் போனபோது ஒரு வேடிக்கையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நெசவுக் குடும்பத்துப் பழனிச்சாமிதான் பீவியம்மாவிடம் மிஷின் ஓட்டினார். மிஷின் பழசு. கையால் சுற்றி ஓட்டிய காலத்துச் சக்கரம் இன்னும் அதில் இருந்தது. பழனிச்சாமி அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுகிறார், மிஷின் வேகம் பிடிக்கும் நேரம் பார்த்து பீவியம்மா ஸ்விட்சைத் தட்டுகிறார். ஏன் என்று கேட்டால், சும்மா தட்டினால் எஞ்சின் முக்குகிறதாம், சுற்றிவிட்டால் முக்குவதில்லையாம். விரல் போய்விடும் என்று நான் கத்தினேன். இருவரும் பணிவாகத் தலையாட்டினார்கள். என் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் மறுபடியும் அப்படியேதான் செய்திருப்பார்கள்.

இனி அந்தப் பகல்.

கோடையில் கிணறு வற்றிவிட்டது. பாறையை உடைத்து ஆழப்படுத்த மாறனும் அவன் மனைவி பொன்னாத்தாளும் வந்திருந்தார்கள். அவன் இன்னும் இரண்டு பேரோடு அடியில் கடப்பாரை போடுவான். அவள் மேலே நின்று கல் கூடையை வடக்கயிற்றில் இழுப்பாள். லைன் கரண்ட் இருக்கும்வரை மோட்டார் ஊறும் தண்ணீரை இறைக்கும், கரண்ட் போனதும் எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். அன்றைக்கும் கரண்ட் போனது, மற்ற இருவரும் ஏறத் தொடங்கினார்கள். ஒரு கல் பலகை பாதி பெயர்ந்து நிற்கிறது, அதைச் சாய்த்துவிட்டு வருகிறேன் என்று மாறன் மட்டும் நின்றான். நான் கொட்டகையில் எஞ்சினுக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சந்தோஷமாகக் கூவினார்கள். ஊற்றுக் கண் திறந்துவிட்டது, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது என்று ஒருத்தி கைதட்டினாள். வருடக்கணக்காகத் தண்ணீருக்கு ஏங்கிய தெரு அது. நானும் பழந்துணியில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கிணற்றுக்குள் குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தாள். சாய்த்த பலகை மாறனின் காலின் மேலேயே விழுந்திருந்தது. பலகை மறைத்திருந்த இடத்திலிருந்துதான் ஊற்று பாய்ந்தது.

கூட இருந்த இரண்டு பேரும் திரும்ப இறங்கி முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். பலகை அசையவில்லை. லாரி ஜாக்கி இருந்தால் தூக்கலாம் என்று கீழிருந்து குரல் வந்தது. ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் பறந்தார். ஜாக்கி வரும்வரை தண்ணீர் ஏறக்கூடாது. ஆனால் வாளி போட்டு இறைக்க இறைக்க அது ஏறிக்கொண்டே இருந்தது.

பொன்னாத்தாள் இறைத்தபடியே கீழே கேட்டுக்கொண்டிருந்தாள். எது வரைக்கும் மாமா என்பாள். முழங்கால் என்றான். தொடை என்றான். அப்புறம் இடுப்பு என்றான். அவன் சொல்லச் சொல்ல இவள் கை வேகமானது. பிறகு கயிற்றை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“சாமி, இந்த மிஷினு அந்த மோட்டார ஓட்டாதுங்களா?”

ஓட்டாது என்ற சொல் என் நுனிநாக்கில் இருந்தது. இதே இடத்தில் நின்று நானே சொன்ன சொல் அது. கிளப்பப் போனால் எஞ்சின் திணறி நின்றுவிடும், மோட்டாரும் கருகலாம். அப்போது பீவியம்மா முன்னால் வந்தார்.

“கெளப்பத்தானுங்க அதுக்குத் தெம்பில்ல. ஓடுனாத் தாங்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நம்ம மிஷினுக்குச் சுத்தி உடறாப்பல அதையும் சுத்தி உட்டா என்னங்க?”

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. நான் கத்தி நிறுத்தப் பார்த்த அதே வேலை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை, அதன் மேல் மோட்டார், அதன் ஓரத்தில் பெல்ட் ஓடும் சக்கரம். கையால் சுற்றினால் போதாது. பொன்னாத்தாளின் வடக்கயிற்றைப் பார்த்தேன். அதை மோட்டார்ச் சக்கரத்தில் சுற்று சுற்றாகப் போட்டு, மறுநுனியைக் கிணற்று உருளை வழியாக மேலே கொண்டுவந்து, ஆட்கள் பிடித்துக்கொண்டு ஓடினால் மோட்டார் வேகம் பிடிக்கும். கயிறு கழன்று விழும் அந்த நொடியில் நான் ஸ்விட்சை ஏற்ற வேண்டும். முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்று சொன்னேன்.

பழனிச்சாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, முருகா என்றபடி மேடைக்கு இறங்கினார். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மேலிருந்தே காட்டினேன். தண்ணீரைத் தூக்கும் பாரம் முதலில் வேண்டாம் என்று குழாய் வால்வை மூடச் சொன்னேன். மாற்றும் ஸ்விட்ச் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது; அதனால் பிறகு மோட்டாருக்கு வரும் லைன் கரண்டின் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அங்கே ஆள் சாகக் கிடக்கிறான், இவன் கட்டை பிடுங்குகிறான் என்று யாரோ என்னைத் திட்டியது காதில் விழுந்தது. திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கோ ஒரு கம்பத்தில் இன்னொருவன் ஏறியிருக்கலாம். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைக் கொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்கப்புறம்தான் ஜெனரேட்டரிலிருந்து மோட்டாருக்கு வயரை இழுத்தேன்.

கடைசியாக, எஞ்சினின் முழுத் தெம்பும் மோட்டாருக்கே கிடைக்கட்டும் என்று வீட்டுக்குப் போகும் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். கூடத்தில் மிஷின் நின்றது.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதவு திறந்தது. எதிர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு தையல்காரர் வந்தார். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஏனுங்க, லைட்டு போயிருச்சு? ஒரு மிஷின், ரெண்டு பல்பு என்று என்னிடம் சொன்ன பீவியம்மா தலையைக் குனிந்துகொண்டார். எந்தெந்த வீட்டுக்கெல்லாம் மதில் தாண்டி வயர் போயிருந்ததோ, அந்தந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் என் முன்னால் நின்றார்கள்.

திட்டுவதற்கு நேரமில்லை. கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். விளக்கு போன காரணம் கேட்க வந்தவர்கள், வந்த காரணத்தை மறந்து கயிற்றைப் பிடித்தார்கள். குழந்தைக்காரி குழந்தையைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் பிடித்தாள். முன்னால் பொன்னாத்தாள், அவளுக்குப் பின்னால் பீவியம்மா.

முதல் இழுப்பில் நான் அவசரப்பட்டேன். கயிறு முழுதும் வருவதற்குள் ஸ்விட்சை ஏற்றிவிட்டேன். எஞ்சின் ஓவென்று அடிக்குரலில் முனகி, நின்றுவிடுவது போல இறங்கியது. சட்டென்று ஸ்விட்சை இறக்கினேன். எஞ்சின் மூச்சு வாங்கி மறுபடி எழுந்தது.  கீழே பழனிச்சாமி கயிற்றைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். எது வரைக்கும் மாமா என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

“நெஞ்சுதான் புள்ள. நீ பாத்து இழு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  என் தொழிலில் அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்பும் வாங்கியதில்லை, பின்பும் வாங்கியதில்லை.

இரண்டாம் முறை நான் கயிற்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் இழுத்துக்கொண்டு ஓடியது. கிணற்றுக்குள் மோட்டாரின் சத்தம் முதலில் கரகரவென்று, பிறகு ஒரு சீராக, பிறகு மெல்லிய ஊதலாக ஏறியது. இப்போது என்று மனது சொன்னது. இன்னும் கொஞ்சம் என்று பொறுத்தேன். கயிறு கழன்று, இழுத்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்த சத்தம் கேட்டதும் ஸ்விட்சை ஏற்றினேன். எஞ்சின் குனிந்தது. குனிந்தபடியே இருந்தது. அது நிமிர எடுத்துக்கொண்ட நேரம் எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது. நிமிர்ந்தது. வால்வை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். குழாய் வாயில் முதலில் காற்று சீறியது, அப்புறம் சேறும் தண்ணீரும் துப்பியது, அப்புறம் தொடை பருமனுக்குத் தண்ணீர் கொட்டியது. விழுந்து கிடந்தவர்கள் எழுந்திருக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். தாங்காத பாரத்தைத் தாங்கிக்கொண்டு அந்தச் சின்ன எஞ்சின் ஓடியதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் யாரோ கரண்ட் வந்துவிட்டது என்று கத்தினார்கள். லைன் கரண்ட் திரும்பியிருந்தது. நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டைகள் அங்கேதான் இருந்தன. அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால், இரண்டு கரண்டும் மோதிய அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும்.  லைனுக்கு மாற்றிவிடலாமா என்று பீவியம்மா கேட்டார். மாற்ற வேண்டுமானால் ஓடுவதை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், நிறுத்தியபின் அந்தக் கரண்ட் நிலைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஜாக்கி வரும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் அண்ட விடவில்லை.

ஜாக்கியோடு லாரியே வந்தது. மாறனைக் கூடையில் உட்காரவைத்து, அதே வடக்கயிற்றில், அதே ஆட்கள் மேலே இழுத்தார்கள். கால் நசுங்கியிருந்தது, உயிர் இருந்தது. பழனிச்சாமி மேலே ஏறி வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: நெஞ்சுதான் என்று அவன் சொன்னபோது தண்ணீர் தாடையில் இருந்ததாம். வாய்க்குள் போகாமல் தலையை அண்ணாந்துகொண்டுதான் அந்தப் பதிலைச் சொன்னானாம். பொய் சொல்லும் வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு பொய்யை நான் கேட்டதே இல்லை.

பிறகு பீவியம்மா அதைவிடப் பெரிய ஜெனரேட்டர் ஒன்று கேட்டார். எத்தனை பல்பு என்று இந்த முறை நான் கேட்கவில்லை, எத்தனை வீடு என்று கேட்டேன். அவர் தெருவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மதில் மேல் தொங்கிய வயர்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒழுங்கான கம்பியும் ஃபியூஸும் போட்டுக் கொடுத்தேன். தம்பிகளா, ஒரு வீட்டுக்கு நீங்கள் ஜெனரேட்டர் தேர்ந்தெடுக்கப் போனால், எதை ஓட்டாது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் விளக்கு எரிந்தால் யார் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கயிறு கட்டி இழுக்கிற வேலையை மட்டும் யாரும் செய்து பார்க்காதீர்கள். அன்றைக்கு யார் விரலும் போகாதது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. லாரியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மாறன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அப்போது பொன்னாத்தாள் கொட்டகைக்குள் வந்தாள். கயிறு உரித்து இரண்டு உள்ளங்கையும் ரத்தமாக இருந்தது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டாள். லீவரைக் காட்டினேன். புறங்கையால் அதைத் தள்ளினாள்.

சத்தம் அடங்கியது. தெருவே அமைதியானது. அந்த அமைதியில், கிணற்றின் அடியில் ஊற்று பொங்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

“இனித் தண்ணி வரட்டுங்க” என்றாள்.